பஸ் ஏற வேண்டாம் என்ற அண்ணனுக்கு

மயிலாப்பூர்,
1973, புரட்டாசி, புதன்கிழமை.

மரியாதைக்குரிய அண்ணனுக்குத் தங்கை சொர்ணம் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம் என்று முதல் வரியில் எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள், அதனால் எழுதிவிட்டேன். அங்கே நீங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். மதினி கொடுத்துவிட்ட உடன்குடிக் கருப்பட்டி வந்து சேர்ந்தது. கூடவே எறும்பும் வந்து சேர்ந்தது. இரண்டும் நன்றாக இருக்கின்றன. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்தில் தப்பு இருந்தால் மதினியிடம் கொடுத்துத் திருத்திப் படிக்கவும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. வருகிற வாரம் சனிக்கிழமை மெட்ராஸ் வந்து இறங்குவதாகவும், சாமான்களைக் கட்டி நான் தயாராக இருக்க வேண்டும் என்றும், இனிமேல் எனக்கு மெட்ராஸ் கிடையாது, உடன்குடிதான் என்றும், பின்கட்டில் கருப்பட்டி மூட்டை அடுக்கியிருந்த அறையை எனக்காக ஒழித்து வெள்ளையடித்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். மூட்டைகளுக்கு வேறு இடம் கிடைத்ததா என்று எழுதவில்லை. இதற்கெல்லாம் காரணம் நம்ம ஊர்க் கனகராஜ் என்று தெரிந்துகொண்டேன். அவன் தி. நகரில் பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறான், கடை வாசலிலேயே நிற்கிறவன், ரோட்டில் போவது எல்லாம் அவன் கண்ணில் படும். அவன் உங்களுக்கு மூன்று விஷயம் எழுதியிருக்கிறான். உங்கள் தங்கை காலை, மத்தியானம், சாயங்காலம் என்று பஸ்ஸிலேயே இருக்கிறாள் என்பது ஒன்று. கண்டக்டரோடு பேசிச் சிரிக்கிறாள் என்பது ஒன்று. தேனாம்பேட்டை ஸ்டாப்பில் இன்னொரு பெண்ணோடு ஓர் ஆம்பிளைச் சட்டையைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டாள் என்பது ஒன்று. மூன்றும் நிஜம்தான் அண்ணா. கனகராஜ் பொய் சொல்கிறவன் இல்லை. ஆனால் அவனுக்கு ஒவ்வொன்றிலும் பாதிதான் தெரியும், மீதிப் பாதியை நான் எழுதுகிறேன், படித்துவிட்டு அப்புறம் டிக்கெட் எடுங்கள்.

அவர் மாசி மாதம் போனார். கருமாதி முடிந்து நீங்களெல்லாம் ஊருக்குப் போன பிறகு நான் மறுபடியும் பீர் முஹம்மது பாய் கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் சந்தில் இருக்கிறதே, ரெடிமேட் சட்டை தைக்கிற இடம், அதுதான். மிஷின் வேலையெல்லாம் ஆம்பிளைகள் பார்ப்பார்கள், நான் பட்டன் ஓட்டைக்குக் கையால் காஜா எடுத்துப் பட்டன் தைத்துக் கொடுப்பேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவரும் நானும் ஒரே பஸ்ஸில்தான் போவோம், அவர் பாண்டி பஜாரில் ஜவுளிக்கடைக்கு, நான் பாய் கடைக்கு. பிறகு நான் மட்டும் போனேன். அப்புறம் சித்திரையில் நீங்கள் என்னைப் பார்க்க வந்தீர்கள். குளத்து ஸ்டாப்பில் எனக்காகக் காத்திருந்தீர்கள். நான் கூட்டத்தில் இடிபட்டு, ஒரு செருப்பைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு, ஒற்றைச் செருப்போடு இறங்கினேன். அதைப் பார்த்து உங்கள் கண் கலங்கியது. எனக்கு அது பழக்கம்தான் அண்ணா, அந்தச் செருப்பு மறுநாள் டிப்போவிலிருந்து திரும்பி வந்தது, உங்களுக்குத்தான் அது தெரியாது. மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு பாய் கடைக்குப் போய் நீங்கள் பேசினீர்கள்.

"பொம்பளப் பிள்ளை ஒத்தையில பஸ்ஸுல இடிபட்டுக்கிட்டு அலையக் கூடாது பாய். துணிய வீட்டுக்குக் குடுத்து விட்டுருங்க. காஜா எடுக்கதுக்குக் கடை எதுக்கு? ஊசி எங்க இருந்தாலும் ஊசிதானே."

"அதுவும் சரிதான் அண்ணாச்சி," என்றார் பாய். "எனக்கும் இங்க உக்கார எடம் மிச்சம். உங்க தங்கச்சி எனக்கும் தங்கச்சிதான். வூட்லயே செய்யட்டும்."

"இனிமே உனக்குப் பஸ்ஸே கிடையாது ளா," என்று என்னிடம் சொன்னீர்கள். ஒரு பெரிய நோயைக் குணப்படுத்தின டாக்டர் மாதிரி இருந்தது உங்கள் முகம். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவரிடம் என்ன சொல்வது என்று நானும் தலையை ஆட்டிவிட்டேன். நீங்கள் நிம்மதியாக ரயில் ஏறினீர்கள்.

வீட்டு வேலையின் முதல் நாள் எப்படிப் போயிற்று என்று எழுதுகிறேன். எப்போதும் போல எழுந்து, எப்போதும் போலச் சமைத்து, டிபன் பாக்ஸில் கட்டி, தலை வாரி, கதவைப் பூட்டி, தெருவுக்கு வந்து பாதி தூரம் நடந்த பிறகுதான் போக வேண்டியதில்லை என்று ஞாபகம் வந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்தேன். கட்டின சோற்றைப் பாத்திரத்தில் கொட்ட மனசு கேட்கவில்லை என்று டிபன் பாக்ஸிலேயே வைத்து, சாப்பாட்டு நேரம் வரும் வரை காத்திருந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அப்புறம் பாய் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போன சட்டை மூட்டையைப் பிரித்தேன். சட்டை இருந்தது, நூல் இருந்தது, பட்டன் இல்லை. கடையில் என்றால் கையை நீட்டினால் பட்டன் டப்பா. இங்கே கையை நீட்டினால் அடுப்பு. சரி, ஒரு நடை போய் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று பஸ் ஏறினேன். அண்ணன் சொல்லை மீறிவிட்டோமே என்று வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் உட்கார இடம் கிடைத்தது.

தேனாம்பேட்டை சிக்னலில் என் பஸ் நின்றது. எதிர்ப்பக்கம் மயிலாப்பூர் போகிற பஸ் நின்றது. அதன் ஜன்னலில் பாய் உட்கார்ந்திருக்கிறார், கையில் ஒரு பொட்டலம்.

"எங்கம்மா போறே?" என்றார்.

"பட்டன் வாங்கத்தான் பாய்."

"பட்டன் இங்க கீதும்மா. நான் வூட்டாண்ட எடுத்துக்கினு வர்றேன்."

"அப்ப இப்பிடியே எறிஞ்சிருங்க பாய்."

"எறிஞ்சா ரோட்ல பொறுக்கறது யாரு?"

அதற்குள் இரண்டு பஸ்ஸும் கிளம்பிவிட்டன. பாய் நம் வீட்டு வாசலில் போய் நின்று பூட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பாரே என்று நான் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, மயிலாப்பூர் பஸ் பிடித்தேன். பாய் நல்ல மனிதர், நான் கடைக்குப் போய்க் காத்திருப்பேனே என்று அவரும் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, தி. நகர் பஸ் பிடித்திருக்கிறார். அதே சிக்னலில் மறுபடி பார்த்துக்கொண்டோம். இப்போது நான் அவர் பக்கம், அவர் என் பக்கம். பாய் பொட்டலத்தை ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பட்டன் மறுநாள்தான் கிடைத்தது, அதற்கும் நான்தான் போனேன். வீட்டுக்கு வேலை வந்தால் பஸ் நிற்கும் என்று நீங்களும் பாயும் கணக்குப் போட்டீர்கள். வேலைக்கு நான் மட்டும் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஆள்தான் பஸ்ஸில் போனேன். வேலை வீட்டுக்கு வந்த பிறகு நானும் போகிறேன், பாயும் வருகிறார், மூட்டையும் போய்ப் போய் வருகிறது.

இதற்கு நடுவில் வீட்டுக்காரம்மா நீரஜா மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் வந்தபோது காப்பி கொடுத்தார்களே, அவர்கள்தான். தங்கமானவர்கள். நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வரைக்கும் என்னை ஒரு வேலை சொன்னதில்லை. இப்போது பகலில் நான் இருக்கிறேன் என்று தெரிந்ததும் அவர்களுக்குப் பெரிய பலம் வந்தது போல இருந்தது. "சொர்ணம், ஆத்துலதானே இருக்கே, பாலைக் கொஞ்சம் பாத்துக்கோ, கோவிலுக்குப் போயிட்டு வந்துடறேன்," என்பார்கள். அவர்கள் கோவிலிலிருந்து வருவதற்குள் பால் இரண்டு தடவை பொங்கும். "ஆத்துலதானே இருக்கே, வடாம் போட்டிருக்கேன், காக்கா ஓட்டிண்டே தச்சிண்டிரு," என்பார்கள். ஓட்டிக்கொண்டே தைப்பது என்பது மாமி நினைக்கிற மாதிரி இல்லை. ஒரு காக்கா வடாத்தை விட்டுவிட்டு வந்து என் தட்டிலிருந்து ஒரு பட்டனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதைப் பார்த்து இன்னொன்றும் வந்து ஒன்று எடுத்தது. ஒரே மாதிரிப் பட்டன் வேண்டும், இரண்டு சட்டைக்குக் குறைந்துவிட்டது, அதற்காக ஒரு நடை தி. நகர் போனேன். பாய் எப்படிக் குறைந்தது என்று கேட்டார், காக்கா என்றேன், அவர் காக்காவுக்கும் சேர்த்து எண்ணிக் கொடுத்தார்.

அப்புறம் சட்டைகள் நனைந்த கதை. கிணற்றடியில் யாரோ வாளியைச் சாய்த்து, மூட்டையின் அடிப்பக்கம் முழுக்க ஈரம். சட்டைகளை எல்லாம் உதறி முற்றத்துக் கொடியில் வரிசையாகப் போட்டேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே கோடு. அன்றைக்கு மாமியின் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்து உட்கார்ந்ததும் கொடியைப் பார்த்தார்கள். "பொண்ணுக்கு அப்பா மட்டும்தான்னு தரகர் சொன்னார். ஆத்துல இத்தனை புருஷா இருக்கான்னு சொல்லலையே," என்றார்கள். மாமி பதறிப் போய், "ஐயோ, வேற புருஷாளே கிடையாது. அதெல்லாம் பக்கத்துப் போர்ஷன்ல இருக்கிற சொர்ணத்தோடது. பாவம், அவ ஆம்படையான்கூட இல்லாதவ," என்றார்கள். மாமி நிஜத்தைத்தான் சொன்னார்கள். அந்த இடத்தில் அது உதவவில்லை. வந்தவர்கள் பஜ்ஜியை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள். மாமி என்னைத் திட்டவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "சொர்ணம், இனிமே இந்தச் சொக்காயெல்லாம் முத்தத்துல போடாதேடியம்மா," என்று மட்டும் சொன்னார்கள். ஈரச் சட்டைகளை அள்ளிக்கொண்டு, பாய் கடை மொட்டை மாடியில் காயப்போடலாம் என்று மறுபடியும் பஸ் ஏறினேன்.

அந்த நடையில்தான் ஒரு சங்கதி புரிந்தது. பஸ்ஸில் எனக்கு எப்போதும் கிடைக்கிற மாதிரிப் பொம்பளைப் பக்கம் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சும்மா உட்காருவானேன் என்று காய்ந்திருந்த ஒரு சட்டையை எடுத்துக் காஜா எடுக்க ஆரம்பித்தேன். லஸ் வருவதற்குள் ஒன்று முடிந்தது. தி. நகர் போய்ச் சேருவதற்குள் சட்டையே முடிந்தது. யாரும் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. காக்கா வரவில்லை. தபால்காரர் எதிர் வீட்டுக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. வெளிச்சம் ஜன்னலில் நல்லா வந்தது, நம் அறையில் பகலிலேயே விளக்குப் போட வேண்டும், அதுவும் கரண்டு இருந்தால். மாடியில் துணியைக் காயப்போட்டுவிட்டு, மீதியை எடுத்துக்கொண்டு, இறங்காமல் போகிற வழியிலும் வருகிற வழியிலும் தைத்தேன். வீட்டில் இரண்டு நாளாக முடியாத வேலை அன்றைக்கு முடிந்தது. அதிலிருந்து வீட்டு வேலையைச் செய்வதற்கு நான் தினமும் பஸ்ஸுக்குப் போக ஆரம்பித்தேன். கனகராஜ் எழுதின முதல் விஷயத்துக்கு இதுதான் விவரம்.

இரண்டாவது, கண்டக்டர். பெயர் ஜவஹர். புதுப்பேட்டைக்காரர், எங்கள் வழியில் வெகு நாளாக வருகிறவர், எங்களைப் புருஷன் பெண்சாதியாகவே அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாள் கேட்டார். "இன்னாம்மா, வூட்லயே வேலைன்னு சொன்னே. முன்னல்லாம் காலைல ஒரு தபா, சாய்ந்தரம் ஒரு தபா வருவே. இப்ப வேலைக்கே போவலன்றே, ஆனா எறங்கவே மாட்டேன்றியே."

"வீட்ல வேலை ஓட மாட்டேங்குதுப்பா," என்றேன்.

"அதுக்கு பஸ்ஸு ஓடுதுன்னு வந்துட்டியா," என்றார். அப்புறம் என் சீட்டுக்குப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற ஆட்களிடம், "தள்ளி நில்லு நைனா, இங்க டைலர் கடை நடந்துக்கினு கீது. ஊசி குத்திச்சுன்னா நான் டிக்கெட்டுதான் குடுப்பேன், மருந்து குடுக்க மாட்டேன்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாசிக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. சிரித்த பிறகு எனக்கே கூச்சமாகப் போயிற்று, ஒருத்தர் போய் இத்தனை மாசத்துக்குள் இப்படிச் சத்தமாகச் சிரிக்கிறோமே, யாராவது பார்த்திருப்பார்களோ என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பாத்திரக்கடை வாசலில் கனகராஜ் நின்றான். இதை அவன் உங்களுக்கு எழுதினதில் தப்பில்லை. நான்தான் அந்த ஸ்டாப் தாண்டுகிற வரைக்கும் அடக்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் நீங்கள் ரொம்பக் கோபமாக இருக்கிறீர்கள். கோபாலபுரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற ரத்னா டீச்சர் எங்கள் பஸ்ஸில் வருவார்கள், தேனாம்பேட்டையில் இறங்கி வேறு பஸ் மாறுவார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் பரீட்சைத் தாள் திருத்துவார்கள். நான் தைப்பேன், அவர்கள் திருத்துவார்கள், இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை, வேலை இருக்கிறவர்கள் என்ன பேச. அன்றைக்கு ஆழ்வார்பேட்டைத் திருப்பத்தில் ஒரு மாடு குறுக்கே வந்து டிரைவர் பிரேக் போட்டார். நான் ஊசியை நிறுத்தவில்லை. பாய் கொடுக்கிற நூல் நல்ல நூல், இரட்டையாகப் போட்டு மெழுகு தடவித் தைக்கிறது, லேசில் அறுகாது. சட்டைக் கைப்பட்டனைத் தைத்து முடித்து முடிச்சும் போட்டுவிட்டேன். தேனாம்பேட்டையில் டீச்சர் எழுந்து இறங்கினார்கள். சட்டை அவர்களோடு எழுந்து இறங்கியது. பட்டன், சட்டையின் கையையும் டீச்சர் முந்தானையையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. நான் சட்டையின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன்.

"விடும்மா, என்னோட புடவை," என்றார்கள் டீச்சர், திரும்பிப் பார்க்காமல். யாரோ தெரியாத ஆள் என்று நினைத்துவிட்டார்கள்.

"டீச்சர், இழுக்காதீங்க, சட்டைக் கை பிஞ்சிரும்."

"நான் எங்க இழுக்கறேன்? நீங்கதான் இழுக்கறீங்க."

"நான் விட்டா சட்டை உங்க கூடப் பள்ளிக்கூடத்துக்கு வந்துரும் டீச்சர்."

ரோட்டில் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். ஒரு ரிக்ஷாக்காரர், "இன்னா, புருசன் சொக்காய்க்கா ரெண்டு பேரும் அடிச்சிக்கிறீங்க?" என்று கேட்டார். கனகராஜ் அன்றைக்குக் கடைக்கு லேட்டாக வந்திருக்கிறான், பின்னால் வந்த பஸ்ஸில் இருந்திருக்கிறான். அவன் உங்களுக்கு எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான் அண்ணா, அந்தச் சட்டைக்குள்ளே ஆள் இல்லை. ஜவஹர் விசில் கொடுத்து பஸ்ஸைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, என் கத்தரிக்கோலையும் மூட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். பஸ்ஸே காத்திருந்தது. டீச்சர் அடுத்த நாள் வந்து உட்கார்ந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, "இந்த ரவிக்கைக்கு ரெண்டு கொக்கி போயிடுச்சு, தைச்சுத் தர முடியுமா," என்று கேட்டார்கள். இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

இவ்வளவுதான் காரணம் என்று எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பட்டனும் காக்காவும் கொடியும் எல்லாம் நடந்ததுதான். ஆனால் நீங்கள் கூடப் பிறந்தவர், உங்களிடம் பாதி சொல்லி நிறுத்தினால் கனகராஜுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம். நம் அறைக்கும் மாமி வீட்டுக்கும் நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் "என்ன சொர்ணம்" என்று கேட்பார்கள். அதனால் அவரும் நானும் வீட்டில் பேசுகிற வழக்கமே வரவில்லை. உப்பு, தண்ணீர், விளக்கு, அவ்வளவுதான். பஸ்ஸில்தான் பேசுவோம். நான் உட்கார்ந்திருப்பேன், அவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அவர் டிபன் பாக்ஸும் என் டிபன் பாக்ஸும் என் மடியில் இருக்கும். அந்த இரைச்சலில் யாருக்கும் ஒன்றும் கேட்காது. ஓர் அம்மாள் கடையிலுள்ள பட்டுப் புடவையெல்லாம் பிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில் இரண்டு கைக்குட்டை வாங்கிக்கொண்டு போன கதை எல்லாம் அங்கேதான் சொல்வார். எந்த வீட்டுக்குக் குடி போவது, மதினி பிரசவத்துக்கு என்ன செய்வது, உங்கள் மேல் அவருக்கு இருந்த கோபம், அது தீர்ந்தது, எல்லாம் அங்கேதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்றால் இல்லை, இனி டாக்டர் வேண்டாம் என்று முடிவு செய்ததும் பஸ்ஸில்தான். தேனாம்பேட்டையில் ஆரம்பித்தோம், பனகல் பார்க் வருவதற்குள் முடிந்துவிட்டது. இறங்கி அவர் கடைக்குப் போனார், நான் கடைக்குப் போனேன். அன்றைக்கும் காஜா எடுத்தேன்.

வீட்டில் அவர் படம் இருக்கிறது, சட்டை இருக்கிறது, செருப்பு இருக்கிறது. படத்தைப் பார்த்து மாலை போட வருகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் அவர் இருக்கிறார் என்று சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே அவர் தூங்கத்தான் வருவார். நீங்கள் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கினது என் நல்லதுக்குத்தான், அது எனக்குத் தெரியும். கூட்டத்தில் இடிபடக் கூடாது என்றுதான் செய்தீர்கள். அந்தக் கூட்டம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை அண்ணா.

அதற்காக நீங்கள் கவலைப்பட வேண்டாம். நாலு பேர் நாலு விதமாகப் பேசினால் உங்களுக்குத்தான் ஊரில் தலைகுனிவு என்று எழுதியிருந்தீர்கள், அதையும் யோசித்தேன். ஆகையால் நன்றாகத் தீர்மானம் செய்துவிட்டேன். நாளை முதல் நான் பஸ் ஏறப் போவதில்லை. மாமியிடம் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு தைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன், அவர்கள் "சாத்திக்கோ, பாலுக்கு மட்டும் திற," என்றார்கள். பாயிடமும் மூட்டையைக் கட்டுவதற்கு முன்னால் பட்டனை எண்ணி வைக்கச் சொல்லிவிட்டேன். ஜவஹரிடமும் சொல்லிவிட்டேன், "நீ வரலன்னா அந்த சீட்டுல யாராச்சும் வாந்தி எடுக்கறவங்கதான் உக்காருவாங்க," என்று வருத்தப்பட்டார். ஆனபடியால் நீங்கள் சனிக்கிழமை வர வேண்டிய அவசியம் இல்லை. அந்த அறையில் பழையபடி கருப்பட்டி மூட்டையை அடுக்கிக்கொள்ளவும், மழைக்காலம் வருகிறது, வெளியில் இருந்தால் இளகிவிடும். நான் மயிலாப்பூரில் என் வீட்டில், என் வேலையைப் பார்த்துக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல், அடக்கமாக இருந்துகொள்கிறேன்.

மதினிக்கு என் கும்பிடு. மூத்தவன் பரீட்சையில் தேறிவிட்டான் என்று கேள்விப்பட்டேன், அவனுக்கு ஒரு சட்டை எடுத்து வைத்திருக்கிறேன், கைப்பட்டனைச் சரிபார்த்துவிட்டேன். சின்னவளுக்கு என் முத்தம். திருச்செந்தூர் பக்கம் போனால் என் பேருக்கும் ஒரு விளக்குப் போடச் சொல்லுங்கள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், வியாபாரம் செழித்து, நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லை மீறாத தங்கை,
சொர்ணம்.

பின்குறிப்பு: எங்கள் தெரு முனையிலேயே தபால் பெட்டி இருக்கிறது. ஆனால் தி. நகர் தபாலாபீசில் போட்டால் சீக்கிரம் வந்து சேரும் என்று ரத்னா டீச்சர் சொன்னதால், இதைக் கையில் எடுத்துக்கொண்டு இப்போது கிளம்புகிறேன். மூட்டையையும் எடுத்துக்கொள்கிறேன், சும்மா போவானேன். நான் எவ்வளவு எழுதினாலும் நீங்கள் சனிக்கிழமை வந்துவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியும். வந்தால் வீட்டுக்குப் போக வேண்டாம், பூட்டியிருக்கும். குளத்து ஸ்டாப்பில் நில்லுங்கள், ஜவஹர் பஸ் வரும், ஏறிவிடுங்கள். உங்களுக்கு உட்கார இடம் கிடைக்காது, பையை என் மடியில் வைத்துக்கொள்கிறேன். வீட்டில் வைத்து நீங்கள் கேட்டால் நான் தலையை ஆட்டிவிடுவேன், சாமானையும் கட்டிவிடுவேன், ரயிலும் ஏறிவிடுவேன். பஸ்ஸில் கேளுங்கள். ஊருக்கு வரமாட்டேன் என்று லஸ் தாண்டினதும் சொல்கிறேன். கொஞ்சம் குனிந்து நிற்க வேண்டும், இரைச்சலில் கேட்காது.